மூன்றாவது பல் அச்சு

அத்தியாயம் 5

சோமசேகரம் சேர் என் கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியைத் தந்தபோது, காலையிலிருந்து பட்டினி கிடந்த எனக்கு அவர் மீது பெரிய மரியாதை வந்தது. மூடியைத் திறந்ததும் அது போய்விட்டது. உள்ளே ஒரு மனிதனின் மேல்வரிசைப் பற்கள் இருந்தன. வெள்ளைப் பிளாஸ்டரில், அண்ணம் முதற்கொண்டு அப்படியே வார்த்த அச்சு.

"சேர், பசிக்குது எண்டுதான் சொன்னேன். ஆரையும் கடிக்கணும் எண்டு சொல்லல்ல."

"மூடும் ஐசே. அது செத்துப்போன ஒருத்தரின்ர வாய்."

"செத்துப்போனவரா, செத்துப்போனதாச் சொல்லப்படுறவரா?"

"அதைப் பாக்கத்தான் போறம். காரை எடும்."

சேர் முப்பது வருடம் துறைமுகச் சுங்கத்தில் இருந்தவர். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதை மூட்டை கட்டிய விதத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஓய்வுபெற்ற பிறகு, காணாமல் போனவற்றைத் தேடித் தருவது அவருடைய தொழில். முதலில் சாமான்களைத் தேடினார். 1996 வந்தபோது மனிதர்களை மட்டும்தான் தேடிக்கொண்டிருந்தார். நான் கிண்ணியா லாபிர். அவருடைய மொறிஸ் மைனரின் ஓட்டுநர், உதவியாளர், அவர் சொல்வதுபோல ஓயாத சத்தம்.

அந்த வாய்க்குச் சொந்தக்காரர் இராசதுரை. துறைமுக ஜெட்டியில் இறங்கும் மூட்டைகளைக் கணக்கெடுக்கும் கிளாக்கர். இரண்டு கிழமைக்கு முன் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. போன கிழமை உப்புவெளிக் கரையில் ஓர் உடல் ஒதுங்கியது. முகத்தைக் கடல் தின்றிருந்தது. இராசதுரையின் முதலாளியான சின்னராசா, பல் டொக்டரிடம் வாங்கிய இந்த அச்சோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். மேல் இடது கடைவாயில் ஒரு பல் அச்சிலும் இல்லை, பிணத்திலும் இல்லை. அன்று பிணவறையில் இடமில்லாமல் நின்ற ஆஸ்பத்திரி டொக்டர் அதற்கு மேல் பார்க்கவில்லை. இராசதுரைதான் என்று எழுதிவிட்டார்.

மனைவி பூரணி மட்டும் நம்ப மறுத்தாள். இன்று பின்னேரம் நீதவான் முன்னிலையில் மரண விசாரணை. அதற்கு முன் இந்த அச்சைக் காட்டி அவளைத் தேற்ற வேண்டும் என்று சின்னராசா முதலாளிதான் சேரை அமர்த்தியிருந்தார். பாவம், நல்ல மனிதர் என்று நான் நினைத்தேன். அவருடைய லொறிகள் எந்த ஆமிச் சோதனைச் சென்றியிலும் நிற்பதில்லை. அவர் யாருடைய ஆள் என்பதை நகரில் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

டைக் வீதியில் பூரணியின் வீட்டு வாசலிலேயே தெரிந்தது, அங்கே யாரும் அழவில்லை. அவள் அச்சை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"ஓம், அவற்ற பல்லுத்தான். முன்பல் ஒண்டு பக்கத்துப் பல்லில ஏறிச் சாய்ஞ்சு நிக்குது பாருங்கோ. இந்தப் பல்லாலதான் கலியாணப் படத்தில சிரிக்கமாட்டன் எண்டு நிண்டவர்." அவளுடைய விரல் உள்ளே போய், கடைவாயில் இருந்த இடைவெளியில் நின்றது. "ஆனா இதில பல் இருந்தது. சூத்தைப் பல்."

"அண்டைக்கு அதைப் பிடுங்கத்தானே வெளிக்கிட்டவர்?" என்று சேர் கேட்டார்.

"ஓம். காலமை பிட்டைக்கூட மற்றப் பக்கத்தாலதான் மெண்டவர். அதோட போனவர்தான்."

"அப்ப பிடுங்கின பொறகு..." என்று நான் தொடங்கினேன். சேர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

"பல்லை விடுங்கோ. பிணத்தின்ர காலில கறுப்பு நூல் கட்டியிருக்காம். இவர் நூல், தாயத்து ஒண்டும் கட்டாத மனுசன். முதலாளிட்டைச் சொன்னன். பயம் வந்தா எல்லாரும் கட்டுவினம் எண்டார்."

"பயப்பிட இவருக்கு என்ன இருந்தது?"

பூரணி எழுந்து போய் யன்னலைச் சாத்தினாள். "ஜெட்டியில ரெண்டு பெடியளை ஒரு லொறியில ஏத்தினதைக் கண்டவர். பெடியள் வீட்டை போகேல்லை. தாய்மார் வழக்குப் போட்டிருக்கினம். அதில சாட்சி சொல்லுவன் எண்டு நிண்டவர். ஆற்ற லொறி எண்டு எனக்கும் சொல்லேல்லை. தெரிஞ்சா உனக்கும் கூடாது எண்டார்."

அவள் தாலிக் கொடியைப் பிடித்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"இண்டைக்கு நான் ஓம் எண்டு சொன்னா எல்லாம் முடிஞ்சுது. சொல்லுங்கோ ஐயா, சாகாதவருக்கு நான் எப்பிடித் தாலியைக் கழட்டுறது?"

சேர் அச்சைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு எழுந்தார்.

வெளியே ஹர்த்தால். கடைகள் எல்லாம் பூட்டு. நாயைத் தவிர வீதியில் ஒரு சீவன் இல்லை. அந்த வெறிச்சோடிய வீதியில், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பிக்கப் எங்களுக்குப் பின்னால் அவசரமில்லாமல் வந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். அதுவும் குறைத்தது.

"ஒருத்தரைச் செத்தவர் எண்டு எழுதிப்போட்டா என்ன நடக்கும், தெரியுமோ?" என்றார் சேர்.

"சங்கக் கடையில கூப்பன் அரிசி குறையும்."

"அவற்ற அடையாள அட்டையும் செத்துப்போம். உயிரோட எங்கையும் ஒளிச்சிருந்தாலும் முதல் சென்றியில பிடிபடுவார். செத்தவற்ற அட்டையோட நிக்கிறவனை விடுவாங்களோ? பிறகு அவரைக் கொலை செய்தாலும் கேள்வி இல்லை. ஏற்கெனவே எரிச்சவரை ஆர் தேடுறது?"

நான் கண்ணாடியில் பார்த்தேன். பிக்கப் வந்துகொண்டிருந்தது.

மணிக்கூட்டுக் கோபுரத்தடிச் சென்றியில் ஓர் இளம் ஆமிக்காரன் எங்கள் அட்டைகளைப் பார்த்துவிட்டு, பெட்டியைக் காட்டிச் சாப்பாடா என்று சிங்களத்தில் கேட்டான். பழக்கதோஷத்தில் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். திறந்தவன் ஒரு அடி பின்னால் பாய்ந்தான். துவக்கு என் நெஞ்சுக்கு நேரே வந்தது. இருபத்தொன்பது வயதில் பிளாஸ்டர் பல்லுக்காகச் சாகப்போகிறோமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. சேர் நிதானமாகச் சிங்களத்தில் சொன்னார், பல் டொக்டரின் வேலை, நோயாளியின் அச்சு என்று. ஆமிக்காரன் அச்சை மெல்ல எடுத்துப் பார்த்தான். பிறகு சிரித்தான். தன் கன்னத்தை விரலால் இழுத்து, கடைவாயில் இருந்த தன் சூத்தைப் பல்லை எனக்குக் காட்டினான்.

டொக்டர் நஜ்முன் நிஸாவின் பல் ஆஸ்பத்திரி உள்துறைமுக வீதியில், பூட்டிய ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது. நெடுநேரம் தட்டிய பிறகுதான் கதவு திறந்தது. முக்காடு போட்ட, ஐம்பது வயதைத் தாண்டிய பெண். உள்ளே கராம்பு எண்ணெய் வாசம். சுவர் முழுக்க இறாக்கைகள், அவற்றில் வரிசை வரிசையாகப் பிளாஸ்டர் வாய்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் பெயர். திருகோணமலையில் பாதிப்பேர் அங்கே வாயைப் பிளந்துகொண்டு இருந்தார்கள்.

"இந்தளவு வாய் ஒரு இடத்தில இருந்தும் ஒரு சத்தமும் இல்ல, பாருங்க சேர்" என்றேன்.

"நீரும் அவையளைப் பாத்துப் பழகும்." சேர் பெட்டியைத் திறந்து டொக்டரிடம் காட்டினார். "இந்தப் பல்லைப் பிடுங்கினது நீங்களோ?"

"இல்ல. அண்டைக்கு அவர் இந்தக் கதிரையில இருக்கவே இல்ல."

"அப்ப இந்த இடைவெளி?"

"அது வாயில உள்ள இடைவெளி இல்ல. பிளாஸ்டர்ல நான் கத்தியால வெட்டினது."

சேரின் புருவம் உயர்ந்தது. டொக்டர் இறாக்கையைக் காட்டினார்.

"என்ட ஆக்கள் மூதூர்ல இருந்து, வெருகல்ல இருந்து வாறவங்க. லோஞ்ச் படகு ஓடுற நாளைக்குக் கரண்ட் இல்ல, கரண்ட் இருக்கிற நாளைக்குச் சென்றி திறக்கமாட்டாங்க. நாளைக்கும் வாங்க எண்டு செல்ல ஏலா. அதனால ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு அச்சு. ஒண்டு, வாய் இப்ப இருக்கிற மாதிரி. அதில கை வைக்கமாட்டன். மத்தது, வாய் இனி இருக்கப்போற மாதிரி. எந்தப் பல்லை எடுக்கணும், எடுத்தா பக்கத்துப் பல்லு தாங்குமா, கட்டுப்பல்லு எதில பிடிக்கும், எல்லாத்தையும் பிளாஸ்டர்ல வெட்டி, மெழுகு வச்சுப் பாத்துட்டுத்தான் ஆளை வரச் செல்லுவன். நீங்க கொண்டுவந்தது ரெண்டாவது."

முதலாவதை எடுத்து மேசையில் வைத்தார். அதே சாய்ந்த முன்பல். ஆனால் கடைவாயில் பல் முழுதாக நின்றது, நடுவில் சூத்தைக் குழியோடு.

சேர் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். "அப்ப, டொக்டர் பிடுங்க யோசிச்ச பல்லை, பிணத்தில ஆரோ பிடுங்கியிருக்கிறாங்கள்."

"யா அல்லாஹ்" என்றேன்.

"ஆரோ ஒரு பாவியின்ர உடம்பைக் கொண்டந்து, அச்சைப் பாத்து அதே இடத்துப் பல்லைக் கழட்டிக் கடல்ல போட்டிருக்கிறாங்கள். அச்சுத்தான் இராசதுரையின்ர வாய் எண்டு நினைச்சிட்டாங்கள். இன்னொண்டும் விளங்குது. இராசதுரை அவங்களிட்ட இல்லை."

"அதெப்பிடி?"

"ஆள் கையில இருந்தா வாயைத் திற எண்டு பாத்திருப்பாங்களே! அச்சைத் தேடி இஞ்ச ஏன் வாறாங்கள்?" சேர் டொக்டரின் பக்கம் திரும்பினார். "ஆர் வந்து கேட்டது?"

"சின்னராசா முதலாளி, பிணம் ஒதுங்க ரெண்டு நாளைக்கு முந்தி. கூட துவக்கோட ஒரு ஆள்."

எங்களை அமர்த்தியவர். சேரின் முகம் கறுத்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு. "பூரணியின்ர வாயால ஓம் எண்டு வரவேணும். அதுக்கு ஊர் நம்புற ஒரு கிழவன் தேவைப்பட்டிருக்கு" என்றார். பிறகு, "டொக்டர், கை வைக்காத அச்சு இருக்கேக்கை ஏன் வெட்டினதைக் குடுத்தனீங்கள்?"

"எதுக்குக் கேக்கிறாங்க எண்டு தெரியா. துவக்கோட வந்து கேக்கிறவனுக்கு உண்மையான வாயைக் குடுக்க மனசு வரல்ல."

அவர்கள் பேச்சின் கனம் தாங்காமல் நான் யன்னல் பக்கம் போனேன். விளிம்பில் இன்னோர் அச்சு தனியாக இருந்தது. எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று அதைத் தூக்கினேன்.

"சேர், இந்த வாய்க்குக் காய்ச்சல் போல. சுடுது."

சிரிக்க யாரும் இல்லை. டொக்டர் அசையாமல் நின்றார். சேர் எழுந்துவந்து அச்சை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"பிளாஸ்டர் இறுகேக்கை சூடாகும். கொஞ்ச நேரத்தில ஆறிப்போம்" என்றார் மெதுவாக. "இண்டைக்கு ஹர்த்தால். லோஞ்சும் இல்லை, நோயாளியும் இல்லை. அப்ப இப்பதான் எடுத்த இந்த வாய் ஆற்றை?"

அவர் அதைத் திருப்பினார். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லில் ஏறிச் சாய்ந்து நின்றது.

டொக்டர் பின்னறைக் கதவைத் திறந்தார். பிளாஸ்டர் பைகளுக்கு நடுவே, தாடி வளர்ந்த ஒரு மனிதர் பாயில் குந்தியிருந்தார். ஒரு கன்னம் வீங்கி, கண் பாதி மூடிக்கிடந்தது.

"அண்டைக்கு வரேக்கை தெரு முடக்கில முதலாளியின்ர கறுப்புக் கண்ணாடிப் பிக்கப்பைக் கண்டனான்" என்றார் இராசதுரை. வாயைத் திறக்கவே அவருக்கு உயிர் போனது. "பின்படியால ஓடி வந்திட்டன். ஐயா, பூரணிக்குத் தெரியுமோ?"

"தெரியாது. ஆனா நம்பிக்கொண்டு நிக்கிறா."

இராசதுரை முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார்.

"பல்லைப் பிடுங்கச் செல்லி அழுதவர்" என்றார் டொக்டர். "நான் மாட்டன் எண்டேன். பிணத்தில அந்தப் பல்லு இல்ல எண்டு கேள்விப்பட்ட நேரமே விளங்கிச்சு, இவர்ர வாயில அது இருக்கிற வரைக்கும்தான் இவர் இராசதுரை. கராம்பு எண்ணெயிலதான் வச்சிருக்கன். இண்டைக்கு விசாரணை எண்டாங்க. நீதவானுக்கு அனுப்பப் புதுசா அச்சு எடுத்தன். கொண்டுபோகத்தான் ஆள் இல்ல."

கீழே ஒரு வாகனம் நின்ற சத்தம் கேட்டது. பிறகு மரப்படியில் காலடி. டொக்டர் பின்னறைக் கதவைச் சாத்தினார். சேர் முதலாவது அச்சைச் சட்டைக்குள் போட்டார். சூடான மூன்றாவதை நான் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். கதவு திறந்தபோது, வெட்டிய அச்சு மட்டும் மேசையில் இருந்தது.

சின்னராசா முதலாளி வெள்ளைச் சட்டையில், கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார்.

"என்ன சோமசேகரம், பூரணி வீட்டை போகச் சொன்னா இஞ்ச நிக்கிறீங்கள்?"

"அவ சந்தேகப்பட்டா. டொக்டரிட்டைக் கேட்டுத் தெளிவாச் சொல்லுவம் எண்டு வந்தனான். நீங்கள் தந்த அச்சில பல் இல்லாத இடமும் பிணத்தில பல் இல்லாத இடமும் அச்சொட்டாப் பொருந்துது. அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை."

ஒரு சொல் பொய் இல்லை. சின்னராசாவின் முகம் தெளிந்தது. மேசையில் இருந்த அச்சைக் கைலேஞ்சியில் சுற்றி எடுத்துக்கொண்டார். திரும்பும்போது என் கையில் இருந்த பெட்டியைக் கண்டார். அதன் மூடியில் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா இருக்கு."

"பிட்டு, முதலாளி. டொக்டர் அக்கா தந்தது. ஒரு பிடி எடுக்கிறீங்களா?"

என் நாக்கு எப்போதும் எனக்கு முந்திக்கொண்டு ஓடும். அன்றைக்கு அதை நானே அறுத்துப் போட்டிருப்பேன். அவருடைய கை மூடியிலேயே இருந்தது. பின்னறையில், இரண்டு கிழமையாகப் பல்வலியில் கிடக்கும் மனிதர் ஒரு முனகல்கூட விடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை இருமினாலும் நாங்கள் நாலு பேரும் உப்புவெளிக் கரையில்தான் ஒதுங்குவோம்.

"கோட்டுக்கு நேரமாச்சு" என்று கையை எடுத்தார். "பூரணியை ஓம் எண்டு சொல்ல வையுங்கோ." பிக்கப் புறப்பட்டுப் போகும்வரை எங்களில் யாரும் அசையவில்லை.

இராசதுரையின் தலையைச் சுற்றித் தாடையோடு சேர்த்து டொக்டர் துணியால் கட்டினார். நாலு பேரும் மொறிஸ் மைனரில் ஏறினோம். பின்படியால் இறங்கும்போது இராசதுரை என் தோளைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. சென்றியில் அதே இளம் ஆமிக்காரன். அட்டையை வாங்கிப் பெயரை வாசித்தான். இராசதுரை இன்னும் சட்டப்படி சாகவில்லை. ஆமிக்காரன் வீங்கிய கன்னத்தையும் என் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தான். அந்தப் பற்களுக்குச் சொந்தக்காரன் இவன்தானா என்று சைகையில் கேட்டான். இந்த முறை நான் பொய் இல்லாமல் தலையாட்டினேன். தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே எங்களை விட்டான்.

நீதிமன்றத்தில் கூட்டமில்லை. பின் வாங்கில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். வழக்குப் போட்ட தாய்மார் என்று சேர் காதில் சொன்னார். எந்தப் பிணத்துக்கு விசாரணை நடந்தாலும் அவர்கள் வருவார்களாம். தங்கள் பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் எழுந்து போவார்களாம். இராசதுரையை அவர்களுக்குப் பக்கத்தில், துணிக்கட்டோடு இருத்தினேன்.

சின்னராசா சாட்சிக் கூண்டில் நன்றாகவே துக்கப்பட்டார். அச்சைக் காட்டினார். ஆஸ்பத்திரி டொக்டர் அதை ஆமோதித்தார். நீதவான் பூரணியைப் பார்த்தார்.

"அம்மா, இறந்தவர் உங்கள் கணவர்தானா?"

பூரணி தாலிக் கொடியை இறுகப் பிடித்தாள்.

"ஐயா, அதுக்கு முன்னம் ஒரு நிமிசம்" என்று சேர் எழுந்தார். சட்டைக்குள்ளிருந்து ஓர் அச்சையும், என் பெட்டியிலிருந்து மற்றதையும் எடுத்து, சின்னராசாவின் அச்சுக்குப் பக்கத்தில் வைத்தார். "மூண்டும் ஒரே வாய். முதலாவது, நோயாளியின்ர வாய் இருந்தபடி. முதலாளி கொண்டந்தது, டொக்டர் இனிச் செய்ய நினைச்ச வேலையைப் பிளாஸ்டரில வெட்டிப் பாத்தது. அந்த வேலை நடக்கவே இல்லை எண்டு டொக்டரே வந்திருக்கிறா, கேளுங்கோ. மூண்டாவதைத் தொட்டுப் பாருங்கோ ஐயா, இன்னும் ஈரம் காயேல்லை. இண்டைக்கு மத்தியானம் எடுத்தது."

"யாருடைய வாயில்?"

பின் வாங்கில் இராசதுரை எழுந்து நின்று, தலைக்கட்டை அவிழ்த்தார். வலியோடு வாயை அகலத் திறந்தார்.

பூரணி ஓடவில்லை. மெதுவாக நடந்து போய், முகத்தைக்கூடப் பார்க்காமல், அவருடைய வாய்க்குள் பார்த்தாள். "இருக்கு" என்றாள். "அந்தப் பல் இருக்கு." பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன், அதை மறைக்க முகத்தைத் திருப்பினேன். அப்போதுதான் சின்னராசா கதவைப் பார்ப்பதைக் கண்டேன். நீதவானும் கண்டிருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். கொன்ஸ்டபிள் ஒருவர் குறுக்கே போய் நின்றார்.

"அப்படியானால், பிணவறையில் இருப்பது யார்?" என்று நீதவான் கேட்டார்.

இராசதுரை ஆஸ்பத்திரி டொக்டரின் பக்கம் திரும்பினார்.

"காலில கறுப்பு நூல் எண்டு கேள்வி. எந்தக் காலில ஐயா?"

டொக்டர் தான் எழுதியதைப் புரட்டினார். "இடது கால்."

"லொறியில ஏத்தேக்கை ஒரு பெடியன் காலால உதைஞ்சு உதைஞ்சு கத்தினவன். இடது காலில கறுப்பு நூல். அது இந்த முதலாளியின்ர லொறி. நான் சாட்சி சொல்ல இருந்தது அவனைப் பற்றித்தான்."

பின் வாங்கில் இருந்த பெண்களில் ஒருத்தி எழுந்தாள். இத்தனை விசாரணைகளிலும் எழுந்து போன பழக்கத்தில் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் எழுந்தாள். போகவில்லை. சொன்னது காதில் விழாதவள்போல இராசதுரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூரணி கணவனின் கையை விட்டுவிட்டு அவளிடம் போனாள்.

"தம்பி, ஒருக்கா வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றாள் அந்தத் தாய். "இடது காலோ, வலது காலோ?"